கூஸ்நெக் ஹிட்ச் எடுக்கறதுக்கு முன்னாடி டிரைவர் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படிங்க

பிக்கப் டிரக்கோட டிரெய்லரை இணைக்கற கூஸ்நெக் ஹிட்ச்சை வாங்கணும்னு முடிவு பண்ணின உடனே நிறைய பேர் பாக்கறது பெட்டி மேல போட்டிருக்கற அந்தப் பெரிய நம்பரைத்தான். 30,000 பவுண்டு தாங்கும்னு போட்டிருக்கு, நம்ம டிரெய்லர் லோடோட 14,000 தான் வரும், டபுளுக்கு மேல இருக்கு, அப்புறம் என்ன கவலைன்னு ஆர்டர் போட்டுடறாங்க. அந்த 30,000 உங்க டிரக் இழுக்கக்கூடிய எடை இல்ல, அந்த இரும்புச் சட்டம் தாங்கக்கூடிய எடை, அவ்வளவுதான். டிரக்கோட சேசிஸ், ஸ்பிரிங், பின் ஆக்சில், டயர் இதெல்லாம் எவ்வளவு தாங்கும்ங்கறது முழுக்க வேற கணக்கு, அந்தக் கணக்கை முதல்ல போட்டுட்டு கடைசியாதான் ஹிட்ச் பக்கமே வரணும். நான் இதைத் தலைகீழா பண்ணி கஷ்டப்பட்ட பல பேரைப் பாத்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு விளக்கமா எழுதறேன்.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரண டிரெய்லர் பம்பருக்குக் கீழ இருக்கற ரிசீவர்ங்கற சதுரக் குழாய்ல மாட்டும், அதோட எடை டிரக்கோட வாலைப் பிடிச்சு கீழ அழுத்தும். கூஸ்நெக் அப்படி இல்ல, டிரெய்லரோட கழுத்து வாத்துக் கழுத்து மாதிரி வளைஞ்சு டெயில்கேட்டுக்கு, அதாவது பின் கதவுக்கு மேலால வந்து பெட்டுக்கு, அதாவது டிரக்கோட பின்பக்கச் சரக்குத் தொட்டிக்கு நடுவுல இருக்கற ஒரு உருண்டை பால் மேல உக்காரும். எடை நேரா பின் ஆக்சில் தலைமேல இறங்கறதால வண்டி பாம்பு மாதிரி நெளியறது ரொம்பக் குறைஞ்சுடும், திருப்பறதும் ஈஸி. ஆனா அந்த சவுகரியத்துக்கு ஒரு விலை இருக்கு. பம்பர்ல மாட்டற டிரெய்லர்ல மொத்த எடையில 10-லருந்து 15 சதவீதம்தான் டிரக் மேல வரும், கூஸ்நெக்ல அது 20-லருந்து 25 சதவீதம் வரைக்கும் போகும். 14,000 பவுண்டு டிரெய்லர்னா குறைஞ்சது 2,800 பவுண்டு உங்க பெட்டுக்குள்ள ஏறி உக்காந்திருக்குன்னு அர்த்தம்.

இப்போ போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறங்க. கதவோட விளிம்பு மூடற அந்தத் தூண்ல மஞ்சளும் வெள்ளையுமா டயர் பிரஷர் எழுதின ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல ஆளுங்களோட எடையும் சரக்கோட எடையும் சேத்து இத்தனை பவுண்டை எப்பவும் தாண்டக் கூடாதுன்னு ஒரு வரி போட்டிருப்பாங்க. அதுதான் உங்க பேலோட். வெப்சைட்லயும் விளம்பரத்துலயும் போடற பேலோட் அந்த மாடல்லயே ரொம்ப லேசான வண்டியோடது, இந்த ஸ்டிக்கர்ல இருக்கறது உங்க வீட்டு வாசல்ல நிக்கற வண்டியோடது. ஒரே மாடல் ஒரே வருஷம் ரெண்டு டிரக்கு, ஒண்ணு பெட்ரோல் இன்னொண்ணு டீசல், ஒண்ணுல சன்ரூஃப் தோல் சீட்டு எல்லாம் இருக்குன்னா பேலோட் பல நூறு பவுண்டு வித்தியாசப்படும். டீசல் இன்ஜினே கனம், அதனால இழுக்கற சக்தி அதிகமா இருக்கற வண்டியில சுமக்கற சக்தி கம்மியா இருக்கறது ரொம்ப சாதாரணம். முக்கால் டன்னு சொல்ற 2500, 250 வகை டீசல் டிரக்குல நாலு கதவு கேபின் எடுத்தவங்க இதை முதல் தடவை படிக்கும்போது அதிர்ச்சி ஆகிடுவாங்க.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ஸ்டிக்கர்ல 2,350 பவுண்டுன்னு இருக்குன்னு வச்சுக்கங்க. முன்னாடி ரெண்டு பேர் உக்காந்து பின்னாடி கொஞ்சம் டூல்ஸ் போட்டா 450 போச்சு. ஹிட்ச்சும் அதோட ரெயிலும் சேர்ந்து ஒரு 150 பவுண்டு, அதுவும் சரக்குதான், ஏன்னா வண்டி ஃபேக்டரியை விட்டு வந்தப்புறம் நாம மாட்டினது எதையும் ஸ்டிக்கர் கணக்குல சேக்கல. மிச்சம் 1,750. 20 சதவீதம் டிரக் மேல வரும்னு எடுத்தா 1,750-ஐ 0.20-ஆல வகுக்கணும், 8,750 பவுண்டு வருது. அவ்வளவுதான், அந்த டிரக்குல கூஸ்நெக் போட்டா லோடோட 8,750 பவுண்டு டிரெய்லர் வரைக்கும்தான் நியாயமா இழுக்கலாம், ஹிட்ச் மேல 30,000-ன்னு போட்டிருந்தாலும் சரி. 14,000 பவுண்டு டிரெய்லர்தான் வேணும்னா ஒரு டன்னு சொல்ற 3500, 350 வகை டிரக்குக்குப் போகணும், அதுக்கும் மேலன்னா பின்னாடி ஜோடி டயர் போட்ட ட்யூயலி. அரை டன் டிரக்குக்கு, அதாவது 1500, எஃப்-150 வகைக்கு கூஸ்நெக் கிட் கிடைக்குது, மாட்டவும் முடியும், ஆனா பேலோட் பெரும்பாலும் 1,500-லருந்து 2,000-க்குள்ள இருக்கற வண்டியில போட்டு என்ன சாதிக்கப் போறோம்னு எனக்குத் தெரியல, சின்ன காலி டிரெய்லரைத் தவிர வேற எதையும் நிம்மதியா இழுக்க முடியாது. பின் ஸ்பிரிங்குக்குத் துணையா வைக்கற காத்துப் பை, அதாவது ஏர்பேக் போட்டா சரியாகிடுமேன்னு கேப்பாங்க. ஏர்பேக் வண்டியோட பின்பக்கத்தைத் தூக்கி லெவல் ஆக்கும், ஆக்சிலோட பலத்தையோ டயரோட பலத்தையோ ஒரு பவுண்டு கூட ஏத்தாது. குனிஞ்சு நிக்கற வண்டி நிமிர்ந்து நிக்கறதால நமக்கு மனசுல பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கும், ஆக்சிலுக்கு அதே பாரம்தான்.

பேலோட் பாத்தாச்சுன்னா அதே கதவுல இருக்கற இன்னொரு ஸ்டிக்கரையும் பாத்துடுங்க, வண்டியோட அதிகபட்ச மொத்த எடையும் முன் பின் ஆக்சில் ஒவ்வொண்ணும் எவ்வளவு தாங்கும்னும் அதுல இருக்கும். கூஸ்நெக்ல பின் ஆக்சில் நம்பர்தான் முதல்ல மூச்சுத் திணறும். டிரக்கும் டிரெய்லரும் சேந்து எவ்வளவு வரலாம்ங்கற மொத்த நம்பர் மேனுவல்லயோ அந்த வருஷத்து டோயிங் கைடுலயோ இருக்கும், உங்க இன்ஜினும் ஆக்சில் ரேஷியோவும் (பின் ஆக்சிலோட கியர் விகிதம்) எதுன்னு தெரிஞ்சுட்டு அந்த வரிசையைப் பாருங்க, பக்கத்து வரிசையைப் பாத்துட்டு சந்தோஷப்படாதீங்க.

டிரெய்லர் எடையை யாரும் சொல்லி நம்பாதீங்க. வித்தவர் சொல்றது காலி எடை, அதுவும் பல வருஷத்துக்கு முன்னாடி இருந்த காலி எடை, அதுக்கப்புறம் போட்ட மரப்பலகை, ஸ்பேர் டயர், வின்ச், செயின் பெட்டி எதுவும் அதுல இல்ல. நேரா டிரக் ஸ்டாப்ல இருக்கற கேட் (CAT) ஸ்கேல்ங்கற எடை மேடைக்குப் போங்க, மூணு தனித்தனி பிளேட்டு இருக்கும், முன் ஆக்சில் ஒண்ணுல, பின் ஆக்சில் ஒண்ணுல, டிரெய்லர் டயர் எல்லாம் ஒண்ணுல நிக்கற மாதிரி நிறுத்தி எடை போடுங்க. அப்புறம் டிரெய்லரைக் கழட்டி ஓரமா நிறுத்திட்டு டிரக்கை மட்டும் திரும்ப எடை போடுங்க. உதாரணத்துக்கு சேத்து போட்டப்போ முன்னாடி 4,750, பின்னாடி 6,200, டிரெய்லர் 10,200 வந்துச்சு, டிரக் மட்டும் போட்டப்போ முன்னாடி 4,700, பின்னாடி 3,600 வந்துச்சுன்னா, டிரக்கோட கணக்கு 10,950-லருந்து 8,300 கழிச்சா 2,650. அதுதான் பால் மேல நிக்கற எடை. டிரெய்லரோட நிஜ எடை 10,200-ம் 2,650-ம் சேந்து 12,850, டிரக் மேல வர்றது 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, நல்லா லோடு ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம். ஆனா அதே டிரக்கோட அதிகபட்ச எடை 10,000-ன்னு கதவுல போட்டிருந்தா 950 பவுண்டு தாண்டியாச்சு. ஸ்கேல்ல ஏறாத வரைக்கும் இது யாருக்குமே தெரியாது, வண்டி நல்லாத்தான் இழுக்குதுன்னு சொல்லிட்டே ஓட்டிட்டு இருப்பாங்க.

இந்த உதாரணத்துல முன் ஆக்சில் எடை 50 பவுண்டு ஏறியிருக்கறதைக் கவனிங்க. பால் பின் ஆக்சிலுக்கு நேர் மேலயோ ஒரு சில இன்ச் முன்னாடியோ இருக்கணும், பின்னாடி மட்டும் எப்பவும் போகக் கூடாது. முன்னாடி இருந்தா எடையில கொஞ்சம் முன் டயருக்கும் போய் ஸ்டியரிங் பிடிப்பா இருக்கும், பின்னாடி போயிட்டா நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்க ஆரம்பிச்சுடும். உங்க வண்டிக்குன்னே செஞ்ச கிட் வாங்கினா இந்த இடம் தானாவே சரியா வரும், பொதுவா எல்லாத்துக்கும் மாட்டலாம்னு விக்கற பிளேட்டுல நீங்கதான் அளந்து வைக்கணும்.

இப்பதான் ஹிட்ச் கிட்ட வர்றோம்.

முதல்ல உங்க பெட்டுக்குள்ள எட்டிப் பாருங்க. நடுவுல ஒரு பெரிய வட்ட மூடியும் அதைச் சுத்தி நாலு சின்ன மூடியும் இருந்தா ஃபேக்டரியிலயே ஹிட்ச் பிரெப் பேக்கேஜ் போட்டு வந்திருக்குன்னு அர்த்தம், பக் சிஸ்டம்னு சொல்லுவாங்க. ஃபோர்டு சூப்பர் ட்யூட்டியில 2011-லருந்து இது ஆப்ஷனா வருது, அப்புறம் ராம்லயும் ஜிஎம்லயும் வந்துடுச்சு. இது இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், பெட்டுக்கு அடியில சட்டம் ஏற்கனவே இருக்கு, அந்த ஓட்டைக்குள்ள பாலை இறக்கி லாக் பண்ணினா முடிஞ்சுது, ட்ரில்லும் வேண்டாம் நட்டும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு, கம்பெனிக்குக் கம்பெனி இந்த ஓட்டைங்களோட அளவும் இடைவெளியும் மாறும், அதனால உங்க கம்பெனி, உங்க வருஷம் ரெண்டையும் சொல்லி அதுக்குன்னே செஞ்ச பால் கிட் வாங்குங்க. செகண்ட் ஹேண்ட் டிரக் தேடிட்டு இருக்கறவங்க இந்த மூடி இருக்கற வண்டியா பாத்து எடுத்தா பின்னாடி ஒரு நாள் முழுக்க வண்டிக்கு அடியில படுக்க வேண்டிய வேலை மிச்சம்.

அது இல்லாதவங்களுக்கு பெட்டுக்குக் கீழ மாட்டறது, பெட்டுக்கு மேல மாட்டறதுன்னு ரெண்டு வழி. என்னைக் கேட்டா தயங்காம கீழ மாட்டறதைத்தான் சொல்லுவேன். இதுல கனமான சட்டம் முழுக்க பெட்டுக்கு அடியில சேசிஸ்ல போல்ட் ஆகியிருக்கும், பெட்டுல தெரியறது ஒரு ஓட்டை, அதுல பால், செயின் மாட்ட ரெண்டு வளையம். பி அண்ட் டபிள்யூ கம்பெனியோட டர்ன்ஓவர்பால் இந்த வகையில ரொம்பப் பேர் போடறது, வீல் கிணத்துல, அதாவது டயருக்கு மேல இருக்கற குழிவுல உள்ள கைப்பிடியை இழுத்தா லாக் பின் விலகும், பாலைத் தூக்கித் தலைகீழா திருப்பி அதே ஓட்டைக்குள்ள போட்டா பெட் தட்டையாகிடும். கர்ட் கம்பெனியோட டபுள் லாக்கும் இதே யோசனைதான். ரெண்டுலயும் பொதுவா கிடைக்கற மாடலோட ரேட்டிங் 30,000 பவுண்டு இழுவை, 7,500 பவுண்டு செங்குத்து எடை, அதாவது பால் மேல நேரா கீழ அழுத்தற எடை. ரெண்டுமே நல்ல சாமான், உங்க வண்டி மாடலுக்கு எதுக்கு கிட் சுலபமா கிடைக்குதோ, எதோட கைப்பிடி உங்க கைக்கு எட்டுதோ அதை எடுங்க. டிரெய்லர் இழுக்காத நாள்ல பிளைவுட் ஷீட்டோ சோஃபாவோ ஏத்தறப்போ தட்டையான பெட்டோட அருமை தெரியும், நடுவுல ஒரு இரும்பு உருண்டை நீட்டிட்டு இருந்தா எதையும் தள்ளி ஏத்த முடியாது, ராத்திரியில முட்டி இடிச்சுக்கறது வேற.

மேல மாட்டறது பெரிய ஓட்டை போட மனசு இல்லாதவங்களுக்கும், பெட்டுல ஏற்கனவே ஃபிஃப்த் வீல் ரெயில், அதாவது பாலுக்கு பதிலா தட்டுல மாட்டற இன்னொரு வகை ஹிட்ச்சோட ரெயில் இருக்கறவங்களுக்கும். ரெயில்ல உக்காரற மாதிரி கூஸ்நெக் பால் பிளேட்டு விக்கறாங்க, மாட்டறதும் எடுக்கறதும் சுலபம், ஆனா ரேட்டிங் பெரும்பாலும் கீழ மாட்டறதை விடக் கம்மியா இருக்கும், பிளேட்டுல அடிச்சிருக்கறதைப் படிச்சுட்டு எடுங்க. இழுவை நம்பரை மட்டும் பாக்காம செங்குத்து எடை நம்பரையும் பாருங்க, நமக்கு முக்கியம் அதுதான். இதுக்கு எதிர்ப்பக்கமா, ஃபிஃப்த் வீல் ஆர்வி டிரெய்லர், அதாவது வீடு மாதிரி தங்கற டிரெய்லர் வச்சிருக்கறவங்க அடாப்டர் போட்டு கூஸ்நெக் பால்ல மாட்டிக்கலாமான்னு கேப்பாங்க. மாட்டலாம், ஆனா அடாப்டர் நீளமா கீழ இறங்கறதால பிரேக் போடறப்போ டிரெய்லரோட முன் ஃபிரேம் மேல முறுக்கு அதிகமாகும், அதுக்குன்னு செய்யாத ஃபிரேம்ல விரிசல் வர வாய்ப்பு உண்டு. டிரெய்லர் ஃபிரேம் செஞ்ச கம்பெனி அந்த அடாப்டரை எழுத்துல ஒத்துக்கிட்டா மட்டும் போடுங்க.

பால் சைஸ் பத்தி அதிகம் பேச வேண்டாம், கூஸ்நெக்னா பெரும்பாலும் 2-5/16 இன்ச் தான். ரொம்பக் கனமான டிரெய்லருக்கு 3 இன்ச் இருக்கு. டிரெய்லர் கப்ளர்ல, அதாவது பாலைக் கவ்வற பாகத்துல அடிச்சிருக்கற சைஸும் பால் தலையில அடிச்சிருக்கற சைஸும் ஒண்ணா இருக்கணும், கண்ணால பாத்து சரியா இருக்கும்னு விடாதீங்க.

அடுத்து பெட் நீளம். 8 அடி பெட்டுன்னா யோசிக்கவே வேண்டாம். ஆறரை அடி, அதுக்கும் கீழன்னா, டிரக்கை இறுக்கமா மடக்கி ரிவர்ஸ் எடுக்கறப்போ டிரெய்லரோட முன் மூலை கேபினோட பின் கண்ணாடியில வந்து இடிக்குமான்னு பாக்கணும். ஃபிளாட்பெட் கூஸ்நெக்ல பாலுக்கு முன்னாடி ஒண்ணும் நீட்டிட்டு இருக்காது, கழுத்தும் ஒடுங்கலா இருக்கும், அதனால சின்ன பெட்டுலயும் பெரும்பாலும் பிரச்சனை இல்ல. ஆனா குதிரை டிரெய்லர், ஆள் தங்கற ரூம் வச்ச டிரெய்லர் இதுக்கெல்லாம் மூக்கு அகலமா பெட்டுக்கு மேல வந்து நிக்கும். அதுக்கு ஒரு அளவு இருக்கு. கப்ளர் நடுவுலருந்து டிரெய்லர் மூக்கோட மூலை வரைக்கும் குறுக்கா டேப் வச்சு அளங்க. அப்புறம் டிரக்குல பால் நடுவுலருந்து கேபின் கண்ணாடி வரைக்கும் அளங்க. முதல் அளவு ரெண்டாவதை விடக் கம்மியா இருந்தா எவ்வளவு மடக்கினாலும் இடிக்காது. அதிகமா இருந்தா சில இன்ச் பின்னாடி தள்ளி வர்ற ஆஃப்செட் பால் இருக்கு, ஆனா அதைப் போட்டா எடை பின்பக்கமா நகருது, ரேட்டிங்கும் குறையலாம், அதனால கம்பெனி உங்க வண்டிக்குன்னு சொன்னதை மட்டும் போடுங்க.

உயரமும் அதே அளவு முக்கியம். இப்போ வர்ற நாலு வீல் டிரைவ் டிரக்குங்களோட பெட் சுவர் ரொம்ப உயரம். டிரெய்லர் லெவலா நிக்கறப்போ பெட் சுவரோட மேல் விளிம்புக்கும் டிரெய்லர் கழுத்தோட அடிப்பக்கத்துக்கும் நடுவுல ஆறு இன்ச் இடைவெளி இருக்கட்டும். சமதளத்துல ரெண்டு இன்ச் இருந்தாலே போதும்னு தோணும், ஆனா ஒரு பள்ளத்துல டிரக் சாஞ்சு டிரெய்லர் நேரா நிக்கற அந்த ஒரு நொடி போதும், பெட் சுவர் தகரம் மாதிரி மடங்கிடும். கப்ளர் குழாய்ல உயரம் மாத்த ஓட்டை ஓட்டையா இருக்கும், லோடு ஏத்தினப்புறம் அட்ஜஸ்ட் பண்ணி டிரெய்லர் கிடைமட்டமா நிக்குதான்னு தூர நின்னு பாருங்க. மூக்கு தூக்கிட்டு நின்னா டிரெய்லரோட பின் ஆக்சில் டயருக்கு நிறைய எடை போய் டயர் சூடாகி வெடிக்கறது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

சொந்தமா மாட்டப் போறீங்களா, ஆளைக் கூப்பிட்டு மாட்டப் போறீங்களான்னு இப்பவே முடிவு பண்ணிக்கங்க. கிட்டோட வர்ற சட்டங்கள் தூக்க முடியாத கனம், ஒரு ஆள் போதாது. ஸ்பேர் டயரை இறக்கணும், சில வண்டியில எக்ஸாஸ்ட் ஹீட் ஷீல்டைக் கழட்டணும். பெட்டுல சுமார் நாலு இன்ச் ஓட்டை போடணும், அது மனசு கொஞ்சம் பதறற வேலை, அதனால மெதுவா பண்ணுங்க. கிட் பேப்பர்ல டெயில்கேட் பக்கத்துலருந்து எத்தனை இன்ச்னு போட்டிருப்பாங்க, அதை ரெண்டு தடவை அளந்து, ரெண்டு வீல் கிணத்துக்கும் நடுவுல மையம் எடுத்து, முதல்ல ஒரு சின்ன ட்ரில் ஓட்டை மட்டும் போட்டுட்டு வண்டிக்கு அடியில போய் டார்ச் அடிச்சுப் பாருங்க, பிரேக் லைன், ஃபியூயல் லைன், வயர் எதுவும் அந்த வட்டத்துக்குள்ள இல்லன்னு கண்ணால பாத்தப்புறம்தான் பெரிய ஹோல் சாவை எடுக்கணும். வெட்டின விளிம்பை ராவிட்டு பெயிண்ட் அடிங்க, இல்லன்னா அடுத்த மழைக்காலத்துலயே துரு கிளம்பும். 2017-லருந்து வர்ற சூப்பர் ட்யூட்டியோட பெட் அலுமினியம், அது துரு பிடிக்காது, ஆனா இரும்பு சட்டம் நேரா அலுமினியத்துல உரசாம கிட்ல தர்ற ஸ்பேசரை விடாம போடணும். போல்ட் எல்லாம் டார்க் ரெஞ்ச் (முறுக்கற விசையை அளந்து காட்டற ஸ்பேனர்) வச்சு பேப்பர்ல சொன்ன அளவுக்கே முறுக்கணும், கைக்கு இறுக்கமா இருக்கேன்னு விட்டுடக் கூடாது. வெல்டிங் மட்டும் யாராவது சொன்னா அந்த இடத்தை விட்டு வந்துடுங்க, டிரக் சேசிஸ்ல வெல்ட் அடிச்சா அந்த சூட்டுல இரும்போட குணமே மாறும், விரிசல் அந்த இடத்துலருந்துதான் கிளம்பும். பழைய டிரக் வாங்கறப்போ யாரோ வீட்டுல வெல்ட் பண்ணின பால் பிளேட்டு இருந்தா, ரேட்டிங் லேபிள் இல்லன்னா, அது எவ்வளவு தடிப்பா இருந்தாலும் கழட்டிப் போட்டுடுங்க.

வயரிங்கை மறந்துட்டு முதல் நாள் மாட்டிக்கறவங்க நிறைய. டிரெய்லர் லைட்டுக்கும் பிரேக்குக்கும் கரண்ட் தர்ற டிரக்கோட 7 பின் பிளக் பம்பர்ல இருக்கும், கூஸ்நெக்கோட வயர் பெட்டுக்குள்ள தொங்கும், அதை டெயில்கேட்டுக்கு மேல இழுத்து பம்பர்ல சொருகினா ஒரு நாள் நசுங்கும். பெட் சுவர்ல ஒரு 7 பின் சாக்கெட் வர்ற மாதிரி எக்ஸ்டென்ஷன் ஹார்னஸ் வாங்கி ஹிட்ச் மாட்டற அன்னிக்கே மாட்டிடுங்க. டிரக்குல டிரெய்லர் பிரேக்கை இயக்கற ஃபேக்டரி பிரேக் கன்ட்ரோலர் இல்லன்னா தனியா வாங்கறப்போ ப்ரொபோர்ஷனல் வகையையே எடுங்க, டிரக்கோட வேகம் எவ்வளவு சட்டுன்னு குறையுதோ அதுக்குத் தகுந்த மாதிரி டிரெய்லர் பிரேக் பிடிக்கும்.

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை. அமெரிக்காவுல தொழிலுக்காக ஓட்டறவங்க, டிரக்கும் டிரெய்லரும் சேந்த ரேட்டிங் 26,001 பவுண்டு அல்லது அதுக்கு மேல போய், டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினா கிளாஸ் ஏ சிடிஎல்ங்கற கமர்ஷியல் டிரைவிங் லைசென்ஸ் வேணும். ரேட்டிங்னா ஸ்டிக்கர்ல இருக்கற நம்பர், காலியா ஓட்டினாலும் அந்த நம்பர் மாறாது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டறவங்களுக்கு ஸ்டேட்டுக்கு ஸ்டேட் ரூல் மாறும், பெரிய டிரெய்லர் வாங்கறதுக்கு முன்னாடியே உங்க ஸ்டேட் டிஎம்விங்கற வண்டி லைசென்ஸ் ஆபீஸ்ல பாத்துக்கங்க.

கடைசியா மாட்டற முறை. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஆரம்பத்துல ஒரு நாள் இருட்டற நேரம், தனியா மாட்டினேன், கப்ளர் பால் மேல இறங்கினப்போ டக்குன்னு சத்தம் கேட்டுச்சு, லாக் கைப்பிடியும் திரும்பின மாதிரி இருந்துச்சு, சரின்னு கிளம்பிட்டேன். நிஜத்துல லாக் பிளேட் பாலோட கழுத்தைப் பிடிக்காம அதோட தோள் மேலயே நின்னுட்டு இருந்திருக்கு. கேட்டுக்கு வெளிய ஒரு மேடு ஏறி இறங்கினதுல கழுத்து துள்ளி பெட் சுவர் மேல வந்து விழுந்துச்சு, சேஃப்டி செயின் ரெண்டும் மாட்டியிருந்ததால டிரெய்லர் அங்கயே நின்னுடுச்சு. வேகம் பத்து மைல் கூட இல்ல. அதே ஹைவேல நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அன்னிக்கு ராத்திரி முழுக்க அதுவே மனசுல ஓடிட்டு இருந்துச்சு.

அன்னிலருந்து நான் செய்றது இதுதான். பின்னாடி வர்றப்போ டெயில்கேட்டை இறக்கிடறேன், கழுத்து டெயில்கேட்ல மோதறது ரொம்ப சாதாரணமா நடக்கற விஷயம். பால்ல கிரீஸ் தடவி, கப்ளரை பாலுக்கு நேர் மேல கொண்டு வந்து ஜாக்கால கழுத்தைக் கீழ இறக்கறேன். லாக் கைப்பிடியைத் திருப்பி அதோட பின்னைப் போட்டுட்டு, பெட்டுல ஏறி குனிஞ்சு டார்ச் அடிச்சு பாலுக்கு அடியில லாக் பிளேட் மூடியிருக்கறதைப் பாக்கறேன். அப்புறம் ஜாக்கால கழுத்தைத் திரும்ப மேல தூக்கறேன், இதுதான் முக்கியம். லாக் பிடிச்சிருந்தா டிரெய்லரோட சேந்து டிரக்கோட பின்பக்கமும் ஒரு இன்ச் ரெண்டு இன்ச் எழும்பும், ஸ்பிரிங் நிமிர்றது கண்ணுக்குத் தெரியும். டிரக் எழும்பாம கப்ளர் மட்டும் மேல போனா பிடிக்கலன்னு அர்த்தம். அப்புறம் ரெண்டு செயினையும் ரெண்டு வளையத்துல மாட்டி, கொக்கியோட நாக்கு மூடியிருக்கான்னு பாத்து, பிரேக்அவே கேபிளைத் தனியா டிரக்குல ஒரு இடத்துல மாட்டறேன், செயினோட சேத்து மாட்டினா அது இருந்தும் இல்லாத மாதிரிதான், ஏன்னா டிரெய்லர் கழண்டா இழுபட்டு பிரேக்கைப் போட வேண்டியது அந்தக் கேபிள். அமெரிக்க ரூல்படி அப்படிப் பிடிச்ச பிரேக் குறைஞ்சது 15 நிமிஷம் நிக்கணும், அதுக்குன்னு டிரெய்லர்ல இருக்கற சின்ன பேட்டரி செத்துப் போயிருந்தா அதுவும் நடக்காது, மாசத்துக்கு ஒரு தடவை பட்டனை அழுத்தி சார்ஜ் பாத்துடுங்க. பிளக் சொருகி, ஜாக்கோட காலை தரையை விட்டு முழுசா மேல இழுத்துட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கன்ட்ரோலர்ல கையால பிடிச்சுட்டு டிரக்கை மெதுவா முன்னாடி இழுத்துப் பாக்கறேன். டயர் உருளாம இழுத்துப் பிடிச்சா கிளம்பலாம்.

புதுசா மாட்டின ஹிட்ச்னா முதல் சில ட்ரிப்புக்கு அப்புறம் வண்டிக்கு அடியில படுத்து எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வச்சுத் திரும்ப ஒரு தடவை பாருங்க, சட்டமும் சேசிஸும் ஒண்ணோட ஒண்ணு உக்காந்தப்புறம் ஒண்ணு ரெண்டு போல்ட் கால் சுத்து தளர்ந்திருக்கறது சகஜம். அப்படியே பாலை வெளிய எடுத்து ஓட்டைக்குள்ள சேந்திருக்கற மண்ணையும் வைக்கோலையும் துடைச்சுட்டு லாக் பின்னோட ஸ்பிரிங் நல்லா துள்ளுதான்னு கைப்பிடியை ரெண்டு தடவை இழுத்து விட்டுப் பாருங்க.